தோல் மண்டிக்காரர் மகன்

“கன்று செத்துவிட்டது. இனித் தாயையாவது காப்பாற்றுவோம்” என்றார் பேராசிரியர், வாளியில் கையைக் கழுவிக்கொண்டே.

ஸ்காட்லாந்தில் ஒரு சின்னப் பண்ணை அது. எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்த நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மாதம் சரியாக நினைவில்லை. தொழுவத்துக்கு வெளியே ஓடைத் தண்ணீர் ஓரங்களில் உறைந்து கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கல் சுவர் எழுப்பிய தொழுவத்துக்குள் பதினான்கு மாணவர்கள் நெருக்கியடித்து நின்றோம். ஈர வைக்கோலும், மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கும் சேர்ந்து ஒரு வாடை. நடுவில் ஒரு கறுப்புப் பசு. கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. தலையைக் காணவில்லை.

பேராசிரியர் தோள் வரை கையை விட்டு வெகுநேரம் பார்த்திருந்தார். கன்றின் தலை பின்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது, உடம்பில் அசைவில்லை என்று சொன்னார். கம்பி ரம்பத்தை எடுத்து வெந்நீரில் போடச் சொன்னார். செத்த கன்றை உள்ளேயே அறுத்துத் துண்டு துண்டாக வெளியே எடுக்கும் கருவி அது.

“அறுப்பதற்கு முன்னால் யாராவது தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பார்க்கலாம்” என்றார்.

யாரும் நகரவில்லை. அந்தக் குளிரில் சட்டையைக் கழற்ற யாருக்கும் மனமில்லை. என் பக்கத்தில் நின்ற யூசுப் மட்டும் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டான். சட்டையையும் கழற்றினான். ஒல்லியான, நீளமான கைகள் அவனுக்கு. சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு பசுவின் பின்னால் மண்டியிட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்தான். கொஞ்ச நேரம் அப்படியே அசையாமல் இருந்தான். பிறகு கண்ணைத் திறந்து பேராசிரியரைப் பார்த்தான்.

“உயிர் இருக்கிறது, சார். வாயில் விரலை வைத்தேன். நாக்கு அசைந்தது.”

மாட்டு வைத்தியத்துக்குச் சீமையா?

இந்த இடத்தில் அந்தப் பசுவைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். யூசுப் யார் என்று சொல்லாமல் மேலே போனால், அங்கே நடந்ததன் பெருமை உங்களுக்குத் தெரியாது.

போன வாரம் கப்பலில் நான் பட்ட பாட்டை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “மாட்டு டாக்டர் படிப்பு சென்னையிலேயே இருந்ததே, பிறகு எதற்கு இத்தனை வாந்தி?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. என் அப்பாவும் இதையேதான் கேட்டார்.

சேலம் ஜில்லாவில் வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். “ஏங்கண்ணு, மனுசனுக்கு வைத்தியம் படிக்கச் சீமைக்குப் போறவன் இருக்கறான். மாட்டுக்கு வைத்தியம் படிக்க நம்மூட்டுக் கட்டுத்தாரை பத்தாதா?” என்றார் அப்பா. கட்டுத்தாரை என்பது எங்கள் பக்கத்தில் மாடு கட்டும் இடம்.

கால்நடைத் துறையில் மேலே வர வேண்டுமானால் சீமைப் பட்டம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். அதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அது ஏறவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊரில் வெக்கை நோய் வந்தது. மாட்டுக்குக் கண்ணில் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு கழிச்சல். நாலைந்து நாளில் முடிந்துவிடும். எங்கள் கட்டுத்தாரையில் ஒன்பது உருப்படி போயிற்று. ஒவ்வொன்றுக்கும் அப்பாவே குழி வெட்டினார். யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

எட்டாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். “போய்ட்டு வா சாமி. அந்த வெக்கைக்கு ஏதாச்சும் வழி இருக்குதான்னு கேட்டுட்டு வா” என்றார். அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கு நட்பு

யூசுப்பைக் கப்பலில்தான் முதலில் பார்த்தேன். சேலம் டவுனில் அவன் அப்பாவுக்கு, அவன் சொல்வதில் அத்தாவுக்கு, தோல் மண்டி. செத்த மாட்டின் தோலை ஊர் ஊராக வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்து, பதனிடும் ஊர்களுக்கு அனுப்புகிற வியாபாரம். மூத்த மகன்கள் மண்டியைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி மகன் யூசுப்.

ஸ்காட்லாந்தில் ஒரே வீட்டில் அறை எடுத்தோம். வீட்டுக்கார அம்மாள் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு மாட்டுக்கறி வைத்தாள். நான் தொடவில்லை. மறுநாள் பன்றிக்கறி. யூசுப் தொடவில்லை. மூன்றாம் நாள் அவள் ஆட்டுக்கறியோடு வந்தாள். அது ஹலால் இல்லையே என்று யூசுப் விழித்தான். அவன் சாப்பிடாமல் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று நானும் விழித்தேன்.

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு பெரிய பாத்திரம் நிறைய அவித்த உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். வெண்ணெயும் உப்பும் போட்டு இருவரும் அதைக் காலி செய்தோம். அதன்பின் நாலு வருஷமும் உருளைக்கிழங்கும் முட்டையும்தான். சுட்டு, மசித்து, வறுத்து, சூப்பாக்கி என்று தினம் ஒரு வேஷம் கட்டி வைப்பாள். சலிப்புத் தட்டினால் யூசுப் கண்ணை மூடி, “நாச்சி, இது சேலத்து மாம்பழம்னு நெனச்சுக்க” என்பான். என் பெயர் நாச்சிமுத்து. அவனுக்கு எப்போதும் நாச்சிதான்.

சனிக்கிழமைகள்

முதல் வருஷம் வகுப்பில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. பசுவின் கண்ணைப் பார்த்தே அதற்குக் காய்ச்சல் என்று சொல்வேன். யூசுப்புக்குப் பால் மாடு எது, சினை மாடு எது என்பதுகூடத் தெரியாது. ஒருமுறை பண்ணையில் பசு தலையைத் திருப்பி மூச்சு விட்டதும் இரண்டடி பின்வாங்கினான். வெள்ளைக்கார மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் வருஷம் தொடங்கியதும் சனிக்கிழமை காலையில் அவன் அறையில் இருப்பதில்லை. மதியம் திரும்பி வருவான். கையை நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவுவான். நகக்கண்ணில் ரத்தக் கறை இருக்கும். கேட்டால் சிரித்து மழுப்புவான்.

ஒரு சனிக்கிழமை பின்னாலேயே போனேன். நகரத்து ஓரத்தில் இருந்த கசாப்புக் கூடத்துக்குள் நுழைந்தான். எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. இருந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

ஓரமாக ஒரு கல் மேடை. அதன்மேல் அறுத்த பசுவிலிருந்து எடுத்த கருப்பை ஒன்று, உள்ளே பிறக்காத கன்றோடு. யூசுப் மண்டியிட்டு, கண்ணை ஒரு துணியால் கட்டிக்கொண்டு, அதற்குள் கையை விட்டிருந்தான். பக்கத்தில் மலைபோல ஒரு கசாப்புக்காரர், ரத்தம் படிந்த தோல் அங்கியோடு நின்று கேட்டார்:

“சொல் பையா. இன்றைக்கு எப்படி வைத்திருக்கிறேன்?”

“பின்னங்கால் முன்னால் வந்திருக்கிறது. இடது முழங்கால் மடங்கியிருக்கிறது.”

“சரி. இப்போது நேராக்கு பார்க்கலாம்.”

அங்கிருந்த கசாப்புக்காரர்கள் அவனுக்காகக் கன்றை விதவிதமாகத் திருப்பி வைத்துப் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவன் சரியாகச் சொன்னால் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது கேட்டேன். “எதுக்கு யூசுப் இதெல்லாம்? பரீட்சைக்கு இவ்வளவு வேண்டாமே.”

“நீ தொட்டில்ல கெடந்தப்பவே மாட்டோட மூச்சக் கேட்டவன் நாச்சி. நான் மாட்ட வெயில்ல காயற தோலாத்தான் பாத்திருக்கேன். நீ இருபது வருஷமாப் படிச்சத நான் மூணு வருஷத்துல படிக்கணும். சனிக்கிழமை இல்லாம எப்படி?”

அவன் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஊருக்குப் போக எத்தனை மைல் என்று கணக்குச் சொல்வதுபோலச் சொன்னான். முதல் வருஷம் சிரித்ததை நினைத்து அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும்தான்.

“நான் தவறினேன்”

இனித் தொழுவத்துக்குப் போவோம்.

நாக்கு அசைந்தது என்று யூசுப் சொன்னதும் யாரோ ஒரு மாணவன் மெல்லச் சிரித்தான். பேராசிரியர் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் கன்று எடுத்த கை அவருடையது.

“நானும் வாயைத் தொட்டேன். அசைவில்லை” என்றார்.

“எனக்கு அசைந்தது சார். ஒரே ஒரு தரம்.”

“தலையைத் திருப்ப முயன்று நேரம் போனால் தாயும் போகும். தெரியுமா?”

“தெரியும் சார்.”

பேராசிரியர் பண்ணைக்காரர் பக்கம் திரும்பினார். குள்ளமான மனிதர், கையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தவையே ஐந்து பசுக்கள். அவர் யூசுப்பைப் பார்த்தார். அதற்கு முன் அவர் எங்கள் நிறத்து மனிதர் யாரையும் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

“உனக்கு நிச்சயமா தம்பி?” என்றார்.

“கன்று பிழைக்கும் என்பது நிச்சயமில்லை. நாக்கு அசைந்தது நிச்சயம்.”

பண்ணைக்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். “அப்படியானால் செய்” என்றார்.

தலையைத் திருப்ப இடம் வேண்டும் என்று யூசுப் கன்றின் கால்களைக் கயிற்றில் கட்டி உள்ளே தள்ளினான். பசு முக்கும்போதெல்லாம் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே அவன் கை நசுங்கியது. முகம் வெளுத்துவிடும். வலி தணிந்ததும் மறுபடி தேடுவான். இன்னொரு கயிற்றைக் கன்றின் கீழ்த்தாடையில் மாட்டினான். “நாச்சி, மெதுவா இழு. நான் சொன்னா மட்டும் இழு” என்று தமிழில் கத்தினான். நான் இழுத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை திரும்பியது அவன் முகத்திலேயே தெரிந்தது. பிறகு எல்லாம் சட்டென்று நடந்தது. கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் வந்து விழுந்தது. அசைவில்லை.

யூசுப் அதன் மூக்கைத் துடைத்தான். வைக்கோல் துரும்பை எடுத்து மூக்குக்குள் விட்டான். ஒன்றுமில்லை. ஒரு கை குளிர்ந்த நீரை அள்ளிக் காதில் ஊற்றினான். நெஞ்சைத் தேய்த்தான். மறுபடி துரும்பு.

கன்று தும்மியது.

அந்தத் தும்மலைக் கேட்டு பதினான்கு பேரும் ஒரே குரலில் கூவினோம். பண்ணைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேராசிரியர் மட்டும் குனிந்து கன்றின் வாயில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு எங்களிடம் சொன்னார்:

“நோட்டை எடுங்கள். இன்றைய பாடத்தை எழுதிக்கொள்ளுங்கள். நான் தவறினேன். இவர் என்னைவிட ஒரு நிமிஷம் கூடுதலாகக் காத்திருந்தார்.”

தன் மாணவர்கள் முன்னால், ஒரு அந்நிய நாட்டுப் பையனைக் காட்டி, அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அவர்மேலும் அன்றைக்கு எனக்கு மரியாதை கூடியது.

பனிக்கட்டி கரைவதற்குள்

பட்டம் வாங்கித் திரும்பினோம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியது. என்னை அரசாங்கக் கால்நடை டாக்டராக ஆத்தூர்ப் பக்கம் போட்டார்கள். யூசுப்பை எங்கள் ஊர்ப் பக்கமே போட்டார்கள்.

இரண்டொரு வருஷத்தில் வெக்கை மறுபடி வந்தது. கிழக்கே இருந்து சந்தை மாடுகளோடு வந்தது என்றார்கள். நான் லீவு போட்டுவிட்டு ஊருக்கு ஓடினேன்.

இந்தத் தடவை தடுப்பூசி இருந்தது. சென்னையிலிருந்து ரயிலில், மரத்தூளும் பனிக்கட்டியும் அடைத்த பெட்டியில் சேலம் வரும். பனி கரைந்தால் மருந்து வீண். யூசுப் அந்தப் பெட்டியைச் சேலத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். மாட்டை யாரும் அவிழ்த்து வரவில்லை. அப்பாவின் பங்காளி செல்லப்பன் சித்தப்பா யூசுப்பின் முன்னால் வந்தார். கெட்டவர் இல்லை. பழைய வெக்கையில் அவரும் கட்டுத்தாரை முழுக்க இழந்தவர்.

“டாக்டருங்களா, கோவிச்சுக்கப்படாது. வாயி வரைக்கும் வந்துட்டுது, கேட்டுப்போடறேன். மாடு சாவற வருசம் தோல் மண்டிக்கு அறுவடைங்க. உங்க ஐயனுக்கு மண்டி. நீங்க ஊசி போட வாரீங்க. ஊசி போட்ட மாடு செத்துப்போச்சுன்னா தோலு எங்க போவுமுங்க?”

அப்பா என்னைப் பார்த்து, “ஊசிய நீ போடு கண்ணு. நம்ம பையன் போட்டா யாருக்கும் சந்தேகம் வராது” என்றார்.

யூசுப் என்னிடம் ஊசியை நீட்டினான். “போடு நாச்சி. மருந்து ஒண்ணுதானே. பனி கரையுது” என்றான்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நான் கையை நீட்டிவிட்டேன். அதுதான் சுலபமான வழி. ஊசி என் கைக்கு வருவதற்குள் யூசுப் செல்லப்பன் சித்தப்பாவிடம் திரும்பினான்.

“ஐயா, நீங்க கேட்டதுல தப்பில்ல. உங்க எடத்துல இருந்தா நானும் கேப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். ஊசி போட்டு மாடு செத்தா தோலோட பொதைங்க. குழிக்குச் சுண்ணாம்பு நானே கொண்டு வரேன். எங்க அத்தா மண்டியில எந்த ஊருலருந்தும் ஒரு தோலும் இந்த வருஷம் எடுக்கமாட்டாங்க.”

“அதுக்கு உங்க ஐயன் ஒத்துக்கோணுமே?”

“ஒத்துக்கிட்டாங்க. கேட்டுட்டுத்தான் வந்தேன். மண்டிக் கதவுல எழுதி ஒட்டியாச்சு. ஆள அனுப்பிப் பாத்துக்குங்க.”

ஊர் இப்படிக் கேட்கும் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மண்டி நிறையும் வருஷத்தில் கதவைச் சாத்தும்படி பெற்ற தகப்பனிடமே கேட்டிருக்கிறான். அவரும் சரி என்றிருக்கிறார். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அப்பா எழுந்தார். நேராகக் கட்டுத்தாரைக்குப் போய் செவலை எருதை அவிழ்த்து வந்தார். ஆலம்பாடி இனத்து ஜோடியில் வலப்பக்கம் பூட்டுவது. ஊரில் அப்படி ஒரு எருது வேறு யாரிடமும் இல்லை. அதன் கயிற்றை யூசுப்பின் கையில் கொடுத்தார்.

“மருந்தக் கொண்டாந்தவுங்களே போடட்டும். இதுலிருந்து ஆரம்பி சாமி” என்றார்.

நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அன்று எங்கள் கட்டுத்தாரையில் பதினாறு உருப்படிகளுக்கும், துணிந்து வந்த இன்னும் மூன்று வீட்டாரின் மாடுகளுக்கும் அவன் ஊசி போட்டான். செல்லப்பன் சித்தப்பா மாட்டைக் கொண்டுவரவில்லை.

செவலை படுத்தது

அந்தக் காலத்துத் தடுப்பூசியில் ஒரு சங்கடம் உண்டு. போட்ட மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு இரண்டு நாளில் இறங்கும். யூசுப் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். சொன்னதைக் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

மூன்றாம் நாள் செவலை தீனியைத் தொடவில்லை. நாலாம் நாள் படுத்துவிட்டது. மூக்கு காய்ந்து, கண்ணில் நீர் வடிந்தது. எனக்கே பழைய வெக்கை ஞாபகம் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா மண்வெட்டி இருந்த பக்கம் மட்டும் பார்க்காமல் நடந்தார்.

யூசுப் கட்டுத்தாரையை விட்டு அசையவில்லை. மணிக்கு ஒரு தரம் காய்ச்சல் பார்த்தான். மூங்கில் குழாயால் கஞ்சி புகட்டினான். அம்மா அவனுக்குச் சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். “ஊட்டுக்குள்ள வந்து செத்த நேரம் படுங்க சாமி” என்று கெஞ்சினாள்.

“இது எந்திரிக்கட்டும்மா. அப்புறம் படுக்கறேன்.”

“எந்திரிக்குமா யூசுப்?” என்று நான் கேட்டேன். படித்தவன் கேட்கிற கேள்வி இல்லை அது. மாட்டுக்காரன் மகனின் கேள்வி.

“காய்ச்சல் காலையில இருந்தத விட ஒரு கோடு கொறஞ்சிருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்றான்.

ஆறாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் செவலை முன்னங்காலை ஊன்றியது. சறுக்கியது. மறுபடி ஊன்றி எழுந்து நின்று, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கம்பந்தட்டை ஒரு வாய் இழுத்தது. அப்பா அதன் கழுத்தில் கை வைத்தபடி நின்றார். பிறகு யூசுப்பின் தலையில் அதே கையை வைத்தார்.

அடுத்த பெட்டி வந்தபோது முதல் ஆளாகச் செல்லப்பன் சித்தப்பா தம் பதினோரு உருப்படிகளையும் ஓட்டி வந்தார். யூசுப் அவரிடம் பழைய பேச்சு ஒன்றும் எடுக்கவில்லை. “காய்ச்சல் வரும், பயப்படாதீங்க” என்று மட்டும் சொன்னான்.

“வரட்டுமுங்க. வந்தா உங்களக் கூப்பிடறேன்” என்றார் சித்தப்பா.

வெக்கை எங்கள் ஊரைச் சுற்றி இருந்த பட்டிகளில் நுழைந்தது. ஊசி போட்ட மாடு எதையும் அது தொடவில்லை.

அந்த மாதக் கடைசியில் யூசுப்போடு சேலத்துக்குப் போனேன். மண்டிக் கதவில் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. எப்போதும் தோல் அடுக்கு கூரை வரை நிற்கும் கூடம் வெறிச்சென்று கிடந்தது. உப்பு மட்டும் ஒரு மூலையில் குவிந்திருந்தது. அத்தா தனியாக உட்கார்ந்திருந்தார்.

“நீ ஊசி போட்டதுல எத்தன உருப்படிடா போச்சு?” என்று மகனைக் கேட்டார்.

“ஒண்ணும் போகல அத்தா.”

அவர் காலிக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா தம்பி, நாப்பது வருஷமா இந்த மண்டிய நெறைக்கப் பாடுபட்டேன். எம்மவன் ஒரே மாசத்துல காலி பண்ணிட்டான்” என்றார், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கேட்கும்படி.